முதலில் கேட்போம்: இணையத்தில் நம் பிள்ளைகளும் பள்ளியின் பொறுப்பும்



இணையப் பாதுகாப்பு என்றதும் கணினி வல்லுநரோ சட்ட வல்லுநரோ பேசுவார் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நாம் இங்கு நிற்பது தமிழாசிரியர்களாக. இணையத்தின் நுட்பங்களை நம்மைவிட நம் மாணவர்கள் நன்கு அறிவார்கள். எனினும், இணையத்தில் அடிபட்ட ஒரு பிள்ளை அதைச் சொல்ல முதலில் தேடி வருவது பெரும்பாலும் நுட்பம் அறிந்தவரை அன்று. தனக்கு நம்பிக்கையான ஒரு பெரியவரை. அந்தப் பெரியவர் பல நேரங்களில் ஓர் ஆசிரியராக இருக்கிறார். ஆகவே இது நம்முடைய பொருளே.

ஒரு காட்சியை எண்ணிப் பார்ப்போம். தமிழ் வகுப்பு முடிந்து மணி அடிக்கிறது. மாணவர்கள் தத்தம் வகுப்பறைக்குத் திரும்புகிறார்கள். தொடக்கநிலை 5இல் படிக்கும் ஒரு மாணவி மட்டும் புத்தகப்பையின் வாரைத் திருகியபடி மேசையருகில் நிற்கிறாள். "ஆசிரியர், ஒண்ணு சொல்லணும். ஆனா அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்கிறாள். திறன்பேசி விளையாட்டு ஒன்றில் அவளுக்கு ஒருவர் பழக்கமானார். அவரை அவள் ‘அண்ணன்’ என்றே அழைத்தாள். முதலில் விளையாட்டுக்குள் பரிசுகள் தந்தார். பிறகு தனியாகப் பேசலாம் என்று வாட்ஸ்அப்புக்கு அழைத்தார். பிறகு ஒரு படம் கேட்டார். அனுப்பினாள். இப்போது வேறொரு வகைப் படம் கேட்கிறார். தராவிட்டால் முதல் படத்தை அவளுடைய தோழியருக்கெல்லாம் அனுப்பிவிடுவதாக மிரட்டுகிறார்.

இக்காட்சி எந்தவொரு பள்ளியையும் குறித்ததன்று. ஆனால் நம்முள் பலர் ஏதேனும் ஒரு வடிவில் இதைச் சந்தித்திருக்கிறோம். சந்திக்காதவர்கள் இனிச் சந்திக்கக்கூடும். அடுத்த பத்து நிமிடத்தில் அந்த ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம். பள்ளியின் விதிகள், நாட்டின் சட்டங்கள், நிறுவனங்களின் கட்டுப்பாடுகள் ஆகிய யாவும் அந்தப் பிள்ளைக்குப் பயன்பட வேண்டுமானால், முதலில் அவள் சொல்லி முடிக்க வேண்டும். அவளைச் சொல்லவிடுவதும் சொல்லவிடாமல் செய்வதும் நம் கையில் இருக்கிறது.

தமிழில் ‘கேள்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. செவிகொடுப்பதும் கேட்பதுதான், வினா எழுப்புவதும் கேட்பதுதான். திருக்குறளில் ‘கேள்வி’ என்ற பெயரில் அமைந்த அதிகாரம் செவிகொடுத்தலின் சிறப்பைப் பேசுகிறது. நாம் இன்று வகுப்பறையில் ‘கேள்வி’ என்று சொல்வதோ வினாவை. ஒரு பிள்ளை நடுங்கியபடி நிற்கும்போது முதற்பொருளில் கேட்க வேண்டிய நாம், பெரும்பாலும் இரண்டாம் பொருளில் கேட்கத் தொடங்கிவிடுகிறோம். "ஏன் அனுப்பினாய்?" "யார் உனக்குக் கைப்பேசி கொடுத்தது?" "எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்?" இவ்வினாக்கள் யாவும் அக்கறையில் பிறந்தவையே. ஆயினும் பிள்ளையின் காதில் அவை தீர்ப்பாகவே விழுகின்றன.

பள்ளிக்குள் வந்த திரை

2020 ஏப்ரல் 8ஆம் நாள் சிங்கப்பூர்ப் பள்ளிகள் முழுமையாக வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறின. அப்போதே, உயர்நிலை 1 மாணவியரின் இணையவழிப் பாடம் ஒன்றில் அந்நியர்கள் ஊடுருவி ஆபாசப் படங்களைக் காட்டினார்கள். கல்வி அமைச்சு ஸூம் செயலியின் பயன்பாட்டை உடனே நிறுத்திவைத்து, பாதுகாப்பு ஏற்பாடுகளைக் கூட்டிய பின்னரே மீண்டும் அனுமதித்தது. வகுப்பறையின் கதவை மூடிவிட்டால் பிள்ளைகள் பத்திரம் என்ற நம் பழைய நம்பிக்கை அன்று உடைந்தது.

உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் சொந்தக் கற்றல் சாதனம் என்ற திட்டம் முதலில் 2028ஐ இலக்காகக் கொண்டிருந்தது. பெருந்தொற்றுக்குப் பின் அது 2021ஆம் ஆண்டின் இறுதிக்கே முன்கொண்டுவரப்பட்டது. அச்சாதனங்களில் கட்டுப்பாட்டுச் செயலி இருக்கிறது. 2026 ஜனவரி முதல் உயர்நிலைப் பள்ளிகளில் பாடவேளையில் மட்டுமன்றி, இடைவேளையிலும் இணைப்பாட நடவடிக்கைகளின்போதும் திறன்பேசியையும் திறன்கடிகாரத்தையும் பயன்படுத்த இயலாது. கற்றல் சாதனங்கள் இரவு 10.30 மணிக்கே உறக்கத்துக்குச் செல்லும்படி அமைக்கப்படுகின்றன.

இவை வேண்டிய ஏற்பாடுகளே. நாம் இவற்றை வரவேற்கிறோம். இடைவேளையில் மாணவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவதே ஒரு நன்மை. ஆனால் நாம் கற்பனை செய்த அந்த மாணவிக்கு மிரட்டல் வந்தது பள்ளி நேரத்தில் அன்று. வீட்டில், தன் சொந்தத் திறன்பேசியில், பெற்றோர் உறங்கிய பின். மறுநாள் காலை அவள் திறன்பேசியைப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் வகுப்புக்கு வந்தாள். அச்சத்தை அப்படி வைத்துவிட்டு வர முடியவில்லை. கருவியைப் பள்ளி வாசலில் நிறுத்தலாம். அதன் விளைவு பிள்ளையோடு உள்ளே வந்துவிடுகிறது.

பிள்ளைகள் ஏன் சொல்வதில்லை

பிள்ளைகள் மறைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்று அச்சங்கள்.

முதலாவது, திறன்பேசி பறிபோகும் என்ற அச்சம். பெரியவர்களுக்கு அது ஒரு கருவி. பிள்ளைக்கோ அதில்தான் நண்பர் வட்டம் முழுவதும் இருக்கிறது. ‘சொன்னால் பறித்துவிடுவார்கள்’ என்று உறுதியாகத் தெரிந்த பிள்ளை, மிரட்டலைத் தனியே தாங்கிக்கொள்ளவே முனைகிறது. பாதிக்கப்பட்டவரிடமிருந்து கைப்பேசியைப் பறிப்பது, பாதிக்கப்பட்டதற்குத் தண்டனை தருவதாகவே முடிகிறது.

இரண்டாவது, விதியை மீறியது வெளிப்படும் என்ற அச்சம். இன்ஸ்டகிராம், டிக்டாக் போன்ற தளங்கள் 13 வயதை எல்லையாக வைத்திருக்கின்றன. பத்து வயதில் பொய்யான பிறந்த ஆண்டைக் கொடுத்துக் கணக்குத் தொடங்கிய பிள்ளை, அங்கு நேர்ந்த கொடுமையைச் சொன்னால் தன் பொய்யும் வெளிப்படும் என்று அஞ்சுகிறது. மிரட்டுபவர்களும் இதை நன்கு அறிவார்கள். "நீ சொன்னால் உனக்குத்தான் அடி விழும்" என்பது அவர்களின் வழக்கமான ஆயுதம்.

மூன்றாவது, நாணம். நம் வீடுகளில் இதன் எடை அதிகம். ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’, ‘குடும்பத்தின் பெயர் என்னாவது’ என்ற பேச்சுகளைப் பிள்ளைகள் மழலைப் பருவம் முதல் கேட்டே வளர்கிறார்கள். குடும்பத்தின் மானம் தன் தோளில் இருப்பதாக எண்ணும் ஒரு சிறுமிக்கு, வாயைத் திறப்பதே குற்றமாகத் தோன்றுகிறது.

இந்த மூன்று அச்சங்களையும் முன்கூட்டியே, ஒன்றும் நடவாத நாளில், வகுப்பில் வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். "வயது வரம்பை மீறிக் கணக்கு வைத்திருந்தாலும் சரி, படம் அனுப்பிவிட்டிருந்தாலும் சரி, எங்களிடம் வரலாம், முதலில் உன்னைக் காப்போம், மற்றவற்றைப் பிறகு பேசுவோம்" என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லிவைப்பது பள்ளியின் முதற்கடமை. ஆண்டுக்கு ஒருமுறை மண்டபத்தில் உரை நிகழ்த்திச் சுவரொட்டி ஒட்டுவதால் மட்டும் இந்த நம்பிக்கை பிறக்காது.

முதல் பத்து நிமிடம்

இப்போது மேசையருகில் நிற்கும் அந்த மாணவியிடம் திரும்புவோம்.

அவள் முதலில் கேட்டது ஒரு வாக்குறுதி: அம்மாவிடம் சொல்லக்கூடாது. இரக்கத்தால் நாம் "சரி, சொல்லமாட்டேன்" என்று கூறிவிடக் கூடும். நம்முள் சிலர் அப்படிக் கூறி, பின்னர் அதை மீற நேர்ந்து, அந்தப் பிள்ளையின் நம்பிக்கையை இழந்ததும் உண்டு. காக்க முடியாத வாக்கைக் கொடுக்கலாகாது. அதற்கு மாறாக, "உன்னைப் பாதுகாக்க இன்னும் ஓரிருவர் உதவி வேண்டியிருக்கும். யாரிடம் சொல்லப் போகிறேன் என்பதை முதலில் உன்னிடம் சொல்லிவிட்டே செய்வேன்" என்று கூறலாம். இது உண்மை, பிள்ளையால் தாங்கக்கூடிய உண்மையும்கூட.

அடுத்து, அவள் தன் போக்கில் சொல்லட்டும். "ஏன்" என்ற சொல்லைத் தவிர்ப்போம், "பிறகு என்ன நடந்தது?" என்பது போதும். விசாரணை நம் வேலை அன்று. நாம் துருவித் துருவிக் கேட்டால், ஆலோசகரிடமும் காவல்துறையிடமும் அவள் அதே கதையை மீண்டும் மீண்டும் சொல்ல நேரும். ஒவ்வொரு முறையும் காயம் புதிதாகும். கேட்டு முடித்ததும் இரண்டு வாக்கியங்களை மறவாமல் சொல்வோம்: "நீ சொன்னது நல்லது." "மிரட்டியது அவர் செய்த குற்றம். உன் குற்றம் அன்று."

பிறகு செய்ய வேண்டியவை சில. அவள் சொன்னதை அவளுடைய சொற்களிலேயே, நாளும் நேரமும் குறித்து எழுதிவைக்க வேண்டும். நம் சொற்களுக்கு மாற்றலாகாது. செய்திகளையும் கணக்கின் பெயரையும் அழிக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டும்; அவை சான்றுகள். மிரட்டுபவருக்குப் பதிலோ பணமோ இன்னொரு படமோ அனுப்பக் கூடாது. சான்று பாதுகாக்கப்பட்ட பின்னரே அக்கணக்கைத் தடுக்கலாம். இங்கு ஓர் எச்சரிக்கை: அந்தரங்கப் படம் எதையும் ஆசிரியர் தம் திறன்பேசியில் பெற்றுக்கொள்வதோ, படியெடுப்பதோ, ‘மேலிடத்துக்குக் காட்ட’ என்று அனுப்புவதோ கூடாது. குழந்தையின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதும் பரப்புவதும் குற்றம். நல்ல எண்ணத்துடன் செய்தாலும், அந்தப் படம் இன்னும் ஒரு கருவிக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இறுதியாக, அன்றைய நாள் முடிவதற்குள் பள்ளித் தலைமைக்கும் ஆலோசகருக்கும் செய்தி போய்ச் சேர வேண்டும். ‘நாளை பார்க்கலாம்’ என்பதற்கு இங்கு இடமில்லை. மிரட்டுபவர் இன்றிரவே மீண்டும் எழுதுவார். ஆசிரியர் ஒவ்வொருவரும் ‘யாரிடம் சொல்வது?’ என்று அந்த நேரத்தில் தேடும் நிலை இருக்கக் கூடாது. துணைப்பாட ஆசிரியர், பயிற்றுநர், நூலகப் பணியாளர் என அனைவருக்கும் அந்தப் பெயர் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டுக்குச் சொல்லும்போது

பெற்றோரிடம் செய்தி சொல்வது மிகக் கடினமான பகுதி. தொலைபேசியில் அரைகுறையாகச் சொல்லிவிட்டால், பிள்ளை வீடு திரும்பும்போது கோபம் வாசலில் காத்திருக்கும். தந்தை திறன்பேசியை உடைத்தால் சான்றும் போகும், பிள்ளையின் வாயும் மூடும். ஆகவே பெற்றோரை நேரில் அழைத்து, ஆலோசகர் உடனிருக்க, பிள்ளை அறியவே சொல்வது நன்று. அவர்களுக்கு நாம் முதலில் சொல்ல வேண்டியது: "உங்கள் பிள்ளை துணிவுடன் வந்து சொல்லியிருக்கிறாள். இன்றிரவு அவளை ஏசாமல் இருப்பதே நீங்கள் செய்யக்கூடிய பேருதவி."

இவ்விடத்தில் தமிழாசிரியரின் பங்கு தனித்தது. வீட்டில் பிள்ளையைக் கவனித்துக்கொள்பவர் பாட்டியாக இருக்கலாம். ஆங்கிலத்தில் அனுப்பப்படும் பள்ளிச் சுற்றறிக்கை அவருக்கு எட்டுவதில்லை. பெற்றோருக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தாலும், இத்தகைய துயரத்தைத் தாய்மொழியில் கேட்கும்போது மனம் வேறு விதமாக ஏற்கிறது. ஆனால் அதற்கான சொற்கள் நம்மிடம் ஆயத்தமாக இருக்கின்றனவா? உடலின் அந்தரங்க உறுப்புகளுக்கு ஆங்கிலப் பெயர்களை வகுப்பில் கற்ற பிள்ளைக்கு, வீட்டில் அவற்றைத் தமிழில் சொல்லத் தெரிவதில்லை; சொன்னால் ‘சீ’ என்று அதட்டப்படுகிறது. அன்பு காட்டி நெருங்கி, மெல்ல மெல்லப் பாலியல் சுரண்டலுக்குப் பழக்கும் செயலுக்கு ஆங்கிலத்தில் ஒரே சொல் இருக்கிறது. நாம் அதை ‘பாலியல் நோக்கில் வசப்படுத்துதல்’ என்று சொல்லலாம். பாட்டிக்குச் சொல்லும்போது ‘பாசம் காட்டி வலை விரிப்பது’ என்றால் போதும், உடனே விளங்கும்.

‘பகடிவதை’ என்ற சொல்லை இங்கு எண்ணிப் பார்க்கலாம். நம் வட்டாரத்தில் நன்கு வேரூன்றிய சொல் அது. பகடி என்பது கேலி. வதை என்பது துன்பம். "சும்மா விளையாட்டுக்குத்தான் செய்தோம்" என்று செய்தவர் கூறும் சாக்கும், பட்டவர் அடைந்த வேதனையும் அந்த ஒரே சொல்லில் சேர்ந்திருக்கின்றன. இச்சொல்லைப் பிரித்துக் காட்டி வகுப்பில் ஒரு பாடமே நடத்தலாம். தொடக்கப்பள்ளிகளில் நற்பண்பு, குடியியல் பாடத்தின் ஒரு பகுதியைத் தாய்மொழியிலேயே கற்பிக்கும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது. இணைய நலனுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

செய்தவரும் மாணவரே

2024 நவம்பரில், மாணவியரின் முகங்களை நிர்வாணப் படங்களில் பொருத்திச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய ஆழ்போலிப் படங்கள் ஒரு பள்ளியின் மாணவர்களிடையே பரவின. காவல்துறை விசாரணையில் இறங்கியது. இத்தகைய நிகழ்வில் இழைத்தவரும் பாதிக்கப்பட்டவரும் ஒரே பள்ளியின் பிள்ளைகள். அந்தரங்கப் படத்தைப் பரப்புவது 2020 ஜனவரி முதல் தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றமாக இருக்கிறது. மாற்றி உருவாக்கப்பட்ட படங்களும் அதில் அடங்கும். "உண்மைப் படம் இல்லையே" என்ற சாக்கு அங்குச் செல்லாது.

பள்ளி இரண்டையும் செய்ய வேண்டியிருக்கிறது. குற்றத்தின் கடுமையை மழுப்பாமல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வேண்டும். அதே வேளையில், தான் அழித்தது என்ன என்பதை அந்த மாணவன் உணர்ந்து ஈடுசெய்யவும் வழி காட்ட வேண்டும். தண்டனை மட்டும் பெற்றவன் அடுத்த முறை அகப்படாமல் செய்யக் கற்றுக்கொள்ளக்கூடும். பாதிக்கப்பட்ட மாணவியை ‘அவளுடைய நன்மைக்காக’ வேறு வகுப்புக்கு மாற்றுவதும் நேர்கிறது. இடம்பெயர வேண்டியவள் அவளா என்பதை முடிவெடுக்குமுன் ஒருமுறை எண்ணிப் பார்ப்போம், அவளையும் கேட்போம். இரண்டு வாரம் கழித்தும், இரண்டு மாதம் கழித்தும் "எப்படி இருக்கிறாய்?" என்று வினவும் ஒருவர் அவளுக்கு இருக்க வேண்டும். படம் மீண்டும் எங்கேனும் தலைகாட்டக்கூடும்.

துணை நிற்கும் கரங்கள்

பள்ளி தனித்து நிற்கவில்லை. 2023 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தம், கொடிய உள்ளடக்கத்தை முடக்குமாறு சமூக ஊடகத் தளங்களுக்கு ஆணையிட அரசாங்கத்துக்கு அதிகாரம் அளித்தது. அதே ஆண்டு ஜூலையில் வந்த நடைமுறை விதித்தொகுப்பு, ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டாக், யூடியூப் உள்ளிட்ட ஆறு தளங்கள் பிள்ளைகளுக்குக் கூடுதல் பாதுகாப்பு அளிக்க வேண்டும் என்றது. 2025 நவம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம், பாதிக்கப்பட்டவர்கள் முறையிடுவதற்கு ஓர் ஆணையம் அமைய வழிசெய்கிறது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் பேசுவதற்கென்றே சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கம் 1984 முதல் ‘டிங்கிள் ஃபிரெண்ட்’ சேவையை நடத்திவருகிறது. அதன் எண் 1800 2744 788. மனநல உதவிக்கு 1771 என்ற தேசிய எண் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. உடனடி ஆபத்து என்றால் 999. இவ்வெண்களைப் பிள்ளைகளின் கையேட்டில் அச்சிட்டால் மட்டும் போதாது. ஒருமுறையேனும் அவர்களோடு வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

மாணவர்களுக்கு

மாணவச் செல்வங்களே, ஆசிரியரைவிட முன்னதாக இச்செய்தி உங்கள் காதுக்குத்தான் வரும். உங்கள் தோழி உங்களிடம்தான் முதலில் அழுவாள். வகுப்புக் குழுவில் அந்தப் படம் உங்கள் திரையில்தான் முதலில் வந்து விழும். அப்போது அதை வேறொருவருக்கு அனுப்பாதிருங்கள்; ‘பாவம்’ என்று எழுதிக்கூட அனுப்பாதிருங்கள். "யாரிடமும் சொல்லாதே" என்று அவள் கேட்டால் உங்களுக்குத் தயக்கம் வரும். நண்பரைக் காட்டிக்கொடுப்பது வேறு. மூழ்கும் நண்பருக்காகக் கரையில் நிற்பவரைக் கூவி அழைப்பது வேறு. "நீ தனியாகப் போக வேண்டாம், நானும் வருகிறேன்" என்று சொல்லி, நம்பிக்கையான ஓர் ஆசிரியரிடம் அவளை அழைத்து வாருங்கள். உங்களால் தீர்க்க முடியாத சுமையை நீங்களே சுமக்கத் தேவையில்லை.

அவையினரே, நாம் இன்று பெரிய திட்டம் எதையும் முன்மொழியவில்லை. பள்ளிக்குத் திரும்பியதும் ஒவ்வொருவரும் மூன்று காரியங்களைச் செய்தால் போதும். நம் பள்ளியில் இத்தகைய செய்தியை யாரிடம் கொண்டுசெல்ல வேண்டும் என்பதை நாளையே கேட்டுத் தெரிந்துகொள்வோம். "என்ன நடந்திருந்தாலும் வந்து சொல்லலாம்" என்பதை இந்த வாரமே நம் வகுப்பில் தமிழில் சொல்லிவைப்போம். மணி அடித்த பின்னும் மேசையருகில் ஒரு பிள்ளை நின்றால், அடுத்த வகுப்புக்கு விரையுமுன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொல்வோம். பிறகு கேட்போம், அச்சொல்லின் முதற்பொருளில்.